14 மாதம் பழைய திரவ ஈஸ்ட்: எறிவதா, எழுப்புவதா?

2024 பிப்ரவரி 4

வாசகர் ஒருவரின் கேள்வி: "என்னிடம் உள்ள, பீர் காய்ச்சுவதற்கான திரவ ஈஸ்ட் பை தயாரிக்கப்பட்டு 14 மாதங்கள் ஆகிவிட்டன. வாங்கிய நாளிலிருந்து குளிர்சாதனப் பெட்டியில்தான் இருக்கிறது. கணக்குக் கருவியில் தேதியை இட்டுப் பார்த்தால் உயிருள்ள செல்கள் 0% என்று வருகிறது. உள்ளிருக்கும் ஊட்டப் பொட்டலத்தை உடைத்து ஆறு மணி நேரமாகியும் பை உப்பவில்லை. எல்லாம் செத்துவிட்டது என்றுதானே பொருள்?"

2024 பிப்ரவரி 4, இரவு

சாகவில்லை. பூஜ்யம் என்று சொன்னது கருவி. பழைய கருவிகள் பல, நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.7% செல்கள் இறப்பதாகக் கொண்டு நேர்கோட்டில் கழித்துக்கொண்டே போகின்றன; அப்படிக் கழித்தால் 143 நாட்களில் கணக்கு தீர்ந்துவிடும். உயிருள்ளவை அப்படி வரிசையில் நின்று சாவதில்லை. மாதந்தோறும் எஞ்சியிருப்பவற்றில் ஐந்தில் ஒரு பங்கு சாகிறது என்று வைத்துக்கொண்டால், 14 மாதங்களுக்குப் பின்னும் 4.4% மிஞ்சும். புதிய பையில் சுமார் 10,000 கோடி செல்கள் இருக்கும் என்பது பொதுவான அளவு. அதில் 4.4% என்றால் 440 கோடி. கருவி ஒன்றுமில்லை என்று சொன்ன இடத்தில் 440 கோடி செல்கள் இருக்கின்றன.

பை உப்பாததும் சாவுக்குச் சான்று ஆகாது. உப்புவதற்குக் கரியமில வாயு வேண்டும். 440 கோடி செல்கள், அதுவும் பட்டினி கிடந்தவை, ஆறு மணி நேரத்தில் அவ்வளவு வாயுவை உண்டாக்க மாட்டா. இரண்டு நாள் கழித்து உப்பிய பைகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு லிட்டர் வோர்ட்டை (பீராவதற்கு முன்னுள்ள மால்ட் சர்க்கரைக் கரைசலை) ஒப்படர்த்தி (நீருக்கு 1.000; சர்க்கரை கூடினால் ஏறும்) 1.040 அளவில் காய்ச்சிக் காந்தக் கலக்கியில் வையுங்கள். நுரை எழுந்ததும் பீரில் ஊற்றிவிடலாம்.

2024 பிப்ரவரி 5

நேற்றைய கடைசிப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். இரவு பதினொரு மணிக்கு மேல் பிறருக்கு அறிவுரை எழுதக் கூடாது. அந்தப் பத்தியிலிருந்த மூன்று வாக்கியக் கூறுகளும் தவறு: அளவு தவறு, அடர்த்தி தவறு, நுரையை நம்பியதும் தவறு. நுரையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் அடர்த்தி. ஈஸ்ட் செல் பசிக்காலத்துக்கென்று இரண்டு சேமிப்புகளை வைத்திருக்கிறது. ஒன்று கிளைகோஜன், மற்றொன்று டிரெஹலோஸ். குளிரில் மாதக்கணக்காக இருக்கும்போது இவை மெல்லக் கரைகின்றன. செல்லின் மேற்சவ்வை நெகிழ்வாக வைத்திருக்கும் ஸ்டெரால்களும் அதனிடம் போதிய அளவில் இருப்பதில்லை. அவற்றை மீண்டும் உண்டாக்கிக்கொள்ள ஆக்சிஜன் தேவை. இந்த நிலையில் உள்ள செல்லைச் செறிவான சர்க்கரைக் கரைசலில் போட்டால், வெளியிலிருக்கும் செறிவு செல்லுக்குள்ளிருக்கும் நீரை இழுக்கிறது. நலமாக இருக்கும் செல் அதைத் தாங்கும். நைந்த சவ்வோடு இருப்பது தாங்காமல் போகலாம். ஆகவே முதல் படிக்கு 1.020 போதும், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 50 கிராம் மால்ட் பொடி.

அடுத்தது அளவு. 440 கோடி செல்களை நான் சொன்ன ஒரு லிட்டரில் இட்டால் மில்லிலிட்டருக்கு 44 லட்சம். 200 மில்லிலிட்டரில் இட்டால் 2.2 கோடி. முதலாவதும் கடைசியில் வளர்ந்துவிடும். ஆனால் வளர்ந்து, அமிலத்தையும் ஆல்கஹாலையும் உண்டாக்கித் தன் இடத்தைக் காத்துக்கொள்ளும் வரை அந்தச் சர்க்கரை நீர் எந்தக் கிருமிக்கும் திறந்து கிடக்கிறது. பழைய ஈஸ்ட்டில் எனக்கு நேர்ந்த தோல்விகளை எண்ணிப் பார்த்தால், ஈஸ்ட் எழும்பாமல் போனவை குறைவு. அது எழும்புவதற்குள் வேறொன்று எழும்பியவைதான் அதிகம்.

2024 பிப்ரவரி 5, மாலை

செய்முறையைக் கேட்டிருக்கிறார்கள். 10 கிராம் மால்ட் பொடியை 200 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, ஈஸ்ட் ஊட்டம் ஒரு சிட்டிகை சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியபடியே 20 முதல் 24 டிகிரி வரை ஆறவிடுங்கள். ஈஸ்ட் பையையும் வெளியே எடுத்து வைத்து அதே வெப்பத்துக்கு வரவிடுங்கள். பையின் வெளிப்புறத்தையும் கத்தரிக்கோலையும் கிருமிநீக்கியில் நனைத்த பிறகே வெட்ட வேண்டும். பை ஓராண்டு எங்கெல்லாமோ ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். குடுவையின் வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடினால் காற்று போகும், தூசி போகாது. காந்தக் கலக்கி இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குடுவையைச் சுழற்றிவிட்டால் போதும். என் மேசையில் குடுவை இருக்கும் நாட்களில் எனக்கு அந்தப் பக்கம் அடிக்கடி வேலை வந்துவிடுகிறது.

2024 பிப்ரவரி 8

"36 மணி நேரமாயிற்று, நுரையே இல்லை" என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நான்காம் தேதி நான் எழுதியதன் பலன் இது.

கலக்கியில் சுழலும் குடுவையில் நுரை பெரும்பாலும் தங்காது. 1.020 போன்ற மெல்லிய வோர்ட்டில் தங்குவது அதனினும் அரிது. சில சமயம் நுரை வருவதும் போவதும் நாம் உறங்கும் நேரத்தில் முடிந்துவிடும். நுரையை விட்டுவிட்டு, முதல் நாள் தெளிந்த தேநீர் போலிருந்தது இப்போது பால் கலந்தது போல் ஆகிவிட்டதா என்று பாருங்கள். கலக்கியை நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்து அடியில் வெளிர்நிறப் படலம் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றிலும் ஐயம் எழலாம், ஏனென்றால் இறந்த செல்களும் கலங்கும், இறந்த செல்களும் உட்காரும். ஐயத்துக்கு இடமில்லாத சோதனை ஒப்படர்த்திதான். சில துளிகளை எடுத்து ஒளிவிலகல்மானியில் பாருங்கள். எண் இறங்கியிருந்தால் யாரோ சர்க்கரையைத் தின்கிறார்கள்.

யார் தின்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

72 மணி நேரம் வரை காத்திருங்கள். அதற்குப் பிறகும் எண் அசையவில்லை என்றால் கொட்டிவிடலாம்.

2024 பிப்ரவரி 9

"440 கோடி உயிரோடு இருக்கின்றன என்றால் 9,560 கோடி பிணங்களும் அதே குடுவையில் கிடக்கின்றனவே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிடக்கின்றன. பிணக்காட்டில்தான் விருந்து நடக்கிறது. பழைய ஈஸ்ட்டைக் கொதிக்கவைத்து ஊட்டமாகப் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடையே உண்டு; இறந்தவற்றிலிருந்து கசிவது வாழ்பவற்றுக்கு உணவுதான். அந்த அளவில் தீங்கில்லை. ஆனால் அவை சிதைந்த மணம் வேறு; பையைத் திறந்ததும் வேகவைத்த இறைச்சி போலவோ எரிந்த ரப்பர் போலவோ மணம் வீசி, திரவமும் காப்பி நிறத்துக்குக் கறுத்திருந்தால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

2024 பிப்ரவரி 17

யார் தின்கிறார்கள் என்ற கேள்விக்கு என் சொந்தக் கதையே விடை.

சில ஆண்டுகளுக்கு முன், ஓராண்டு பழையதான ஆங்கில வகை ஏல் (மிதவெப்பத்தில் நொதிக்கும் பீர்) ஈஸ்ட் ஒன்றை எழுப்பினேன். முதல் படி இரண்டு லிட்டர். கண்டித்து நான் இப்போது எழுதும் எல்லாவற்றையும் அன்று நானே செய்தேன். இரண்டு நாள் அசைவில்லை. மூன்றாம் நாள் நுரை வந்ததும், உயிர் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. நான்காம் நாள் அளந்தபோது 1.036-இல் தொடங்கியது 1.002-க்கு வந்திருந்தது. அந்த வகை சர்க்கரையில் நூற்றுக்கு எழுபதை ஒட்டித் தின்றுவிட்டு நிறுத்தும் வகை, 1.010 அளவில் நின்றிருக்க வேண்டும். என்னுடையது 94 வரை தின்றிருந்தது. கிழட்டு ஈஸ்ட்டுக்கு இவ்வளவு சுறுசுறுப்பா என்று வியந்தேனே தவிர, அந்தச் சுறுசுறுப்பு ஈஸ்ட்டுடையதுதானா என்று கேட்கவில்லை. மோந்து பார்த்தபோது மெல்லிய கிராம்பு மணம் இருந்தது. அதற்கான பழியையும் வெப்பத்தின் மேல் போட்டுவிட்டு 20 லிட்டர் பீரில் ஊற்றினேன்.

புட்டியில் அடைத்து ஆறு வாரம் கழித்து முதல் புட்டியைத் திறந்தபோது பாதி பீர் கூரையில் இருந்தது. மீதிப் புட்டிகளைக் கனத்த துணியால் போர்த்தி, கையுறையும் கண்ணாடியும் அணிந்து ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினேன். அழுத்தம் மிகுந்த கண்ணாடிப் புட்டி வெடிக்கும். இது வேடிக்கையான கதை போல ஒலிப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

கிராம்பு மணத்துக்குக் காரணம் 4-வினைல் குவாயகால் என்ற சேர்மம். மால்ட்டில் உள்ள ஃபெரூலிக் அமிலத்தை இதுவாக மாற்றும் திறன் கோதுமை பீர் ஈஸ்ட்டுகளுக்கும், பெல்ஜிய வகைகள் பலவற்றுக்கும், காட்டு ஈஸ்ட்டுகளுக்கும் உண்டு. ஆங்கில ஏல் வகைகளில் பெரும்பாலும் அந்த மரபணுக்கள் செயலிழந்தவை. ஆகவே ஆங்கில வகையில் கிராம்பு மணத்தால் வேறொன்று நுழைந்திருக்கிறது என்று கொள்ளலாம். தின்னக் கூடாத சர்க்கரையையும் தின்றது என்பதால் நான் ஐயுறுவது டயாஸ்டாடிகஸ் என்ற வகையை. சாதாரண பீர் ஈஸ்ட்டால் டெக்ஸ்ட்ரின் என்னும் நீண்ட சங்கிலிகளை உடைக்க முடியாது. எஸ்டிஏ1 (STA1) என்ற மரபணு உள்ள வகை, குளுக்கோ அமைலேஸ் நொதியை வெளியே சுரந்து அவற்றை உடைத்துத் தின்கிறது. மெதுவாகத் தின்பதால்தான் புட்டியில் அடைத்த பிறகும் வேலை தொடர்கிறது.

2024 பிப்ரவரி 18

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஈஸ்ட் பையைக் குறை சொல்லக் கூடாது. அந்தப் பையை நான் கழுவாத கத்தரிக்கோலால் வெட்டினேன். அதற்கு முந்தைய மாதம் என் குழாயில் செய்சோன் என்ற பெல்ஜிய வகை பீரை இறக்கியிருந்தேன். அந்த வகை ஈஸ்ட்டுகள் பலவற்றில் எஸ்டிஏ1 இருப்பது பரவலாக அறியப்பட்டது. குற்றவாளி என் வீட்டிலேயே இருந்தான்.

2024 மார்ச் 2

கேள்வி கேட்டவரின் குடுவை 1.020-இலிருந்து 1.006-க்கு வந்திருக்கிறது; மணமும் சரியாக இருப்பதாகச் சொல்கிறார். இனி இரண்டாம் படி.

ஏல் வகைக்கு, ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு (வோர்ட்டின் சர்க்கரைச் செறிவை அளக்கும் அலகு) 7.5 லட்சம் செல்கள் என்பது பலரும் கொள்ளும் அளவு. 12 டிகிரி பிளேட்டோ உள்ள 20 லிட்டருக்கு இது 18,000 கோடி ஆகிறது. கலக்கியில் வளர்க்கும்போது ஒரு கிராம் மால்ட் பொடிக்கு ஏறத்தாழ 140 கோடி செல்கள் கிடைக்கும் என்ற தோராயத்தை வைத்தால், முதல் படியின் 10 கிராம் 1,400 கோடி தந்திருக்கும். இரண்டாம் படிக்கு ஒன்றரை லிட்டரில் 150 கிராம் இட்டால் மேலும் 21,000 கோடி. தாளில் போதுமானது. இப்போது செல்கள் நலமாக இருப்பதால் 1.036 அடர்த்தியும் தாங்கும்.

படிகளுக்கு இடையே குடுவையைக் குளிரில் தெளிய வைத்து, மேலிருப்பதை இறுத்துவிட்டு வண்டலை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். இதில் ஒரு பொறி இருப்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். அவசரப்பட்டு எட்டு மணி நேரத்தில் இறுத்தினால், விரைவில் திரண்டு அடியில் உட்காரும் செல்களை வைத்துக்கொண்டு, இன்னும் மிதப்பவற்றைக் கொட்டிவிடுகிறோம். மிதப்பவைதான் நொதித்தலைக் கடைசி வரை இழுத்துச் செல்லும் உழைப்பாளிகள். ஒவ்வொரு படியிலும் இப்படிச் செய்தால் சோம்பேறிகளை நாமே தேர்ந்தெடுத்து வளர்க்கிறோம். என் பீர் ஒன்று 1.020-இல் நின்றுபோனதற்கு முதுமையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். குறிப்பேட்டைப் புரட்டியபோது மூன்று முறை அவசரமாக இறுத்தியிருந்தேன். இப்போது இரண்டு முழு நாள் வைக்கிறேன். முதல் படி 200 மில்லிதான் என்பதால் அதை இறுத்தாமல் முழுவதையும் அடுத்த படியில் ஊற்றிவிடுகிறேன்.

2024 மார்ச் 3

வோர்ட்டை மொத்தமாகக் காய்ச்சிச் சூடாகப் புட்டியில் அடைத்து அலமாரியில் வைத்துக்கொண்டால் வசதியாக இருக்குமே என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். வேண்டாம். வோர்ட்டின் காடித்தன்மை எண் (pH) 5-ஐ ஒட்டியது, 4.6-க்கு மேல் உள்ள எதையும் காற்றுப் புகாமல் அறை வெப்பத்தில் வைத்தால் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கொடிய நஞ்சுக் கிருமி வளர இடமுண்டு. அதன் வித்துகள் சாதாரணக் கொதிநீரில் சாவதில்லை. அழுத்தத்தில் 121 டிகிரி வேண்டும். அழுத்தக்கலம் இல்லையென்றால் அவ்வப்போது காய்ச்சுங்கள். பத்து நிமிட வேலை.

2024 மார்ச் 10

இப்போது என்னிடமே ஒரு நோயாளி வந்திருக்கிறது. பெட்டியின் அடித்தட்டில், 26 மாதம் பழைய லாகர் (குளிரில் நொதிக்கும் பீர்) ஈஸ்ட் பை. பிப்ரவரி நான்காம் தேதிச் சூத்திரப்படி 0.3%, அதாவது வெறும் 30 கோடி. இந்த முறை ஊகிப்பதைவிட எண்ணிப் பார்ப்போம் என்று நுண்ணோக்கியை எடுத்தேன்.

மெத்திலீன் நீலம் சேர்த்தால் உயிருள்ள செல் அந்த நிறமியை நிறமற்றதாக மாற்றிவிடும். இறந்த செல் நீலமாகவே நிற்கும். 400 மடங்கில் பார்த்து 412 செல்களை எண்ணினேன். நிறமற்றவை 37. அதாவது 9%. சூத்திரம் சொன்னதைப் போல் முப்பது மடங்கு.

இதை எழுதி மகிழ்ந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் ஐயம் வந்துவிட்டது. உயிருள்ளவை பெரும்பான்மையாக இருக்கும்போதுதான் மெத்திலீன் நீலம் நம்பத்தக்கது. இறப்பு மிகுந்த மாதிரியில் அது உயிர்களைக் கூட்டிக் காட்டும். சாகும் தறுவாயில் இருக்கும் செல்லும் நிறமியை மாற்றிவிடும். ஆனால் அது அரும்பி இன்னொரு செல்லை ஈனுமா என்பதை நிறம் சொல்லாது. 0.3 தவறு என்பது உறுதி. 9 சரி என்பது உறுதியில்லை.

2024 மார்ச் 24

ஆகவே அந்தப் பையை நேராக வோர்ட்டில் ஊற்றாமல் தட்டில் கீற முடிவு செய்தேன். லிட்டருக்கு 15 கிராம் அகர் சேர்த்த வோர்ட்டை அழுத்தக்கலத்தில் வேகவைத்துத் தட்டுகளில் ஊற்றி, ஈஸ்ட் தோய்ந்த கம்பி வளையத்தால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தேன். நான்காம் நாள் தனித்தனிப் புள்ளிகள் தெரிந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல்லின் வழித்தோன்றல் என்று கொள்ளலாம். எமில் கிறிஸ்டியன் ஹான்சன் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் 1883-இல் ஒற்றைச் செல்லிலிருந்து தூய பீர் ஈஸ்ட்டை வளர்த்தெடுத்த அதே தர்க்கம்தான் இது. அவர் முறை வேறு, நோக்கம் ஒன்று. அவரும் நோயுற்ற ஈஸ்ட்டிலிருந்து நல்லதைப் பிரிக்கத்தான் முயன்றார்.

இந்த வழியில் பையில் எத்தனை சதவீதம் உயிரோடு இருக்கிறது என்ற கேள்வியே மறைந்துவிடுகிறது. 1797-இல் டாஸ்மேனியா அருகே மூழ்கிய சிட்னி கோவ் என்ற கப்பலின் புட்டிகளிலிருந்து ஈஸ்ட்டை வளர்த்து 2018-இல் பீராக விற்றார்கள். அங்கே யாரும் சதவீதம் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரே புள்ளியை எடுக்கும் ஆசைக்கு இடம் கொடாதீர்கள். மைட்டோகாண்ட்ரியா பழுதுபட்டு, சுவாசிக்கும் திறன் இழந்த செல்கள் எந்த ஈஸ்ட்டிலும் சிறு அளவில் தோன்றும். அவற்றின் புள்ளிகள் தட்டில் சிறுத்தே இருக்கும். அப்படி ஒன்றை எடுத்து வளர்த்தால் நொதித்தல் இழுக்கும், வெண்ணெய் மணமும் தங்கிவிடலாம். பெரிய, வெண்ணிற, வழவழப்பான புள்ளிகள் எட்டை எடுத்து ஒன்றாக்கினேன். சுருக்கம் விழுந்த புள்ளி ஒன்றும் இருந்தது. அதைத் தொடவில்லை.

2024 ஏப்ரல் 7

10 மில்லி, 100 மில்லி, ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று ஏறினேன். லாகருக்குச் செல் எண்ணிக்கை இரு மடங்கு வேண்டும், 20 லிட்டருக்கு 36,000 கோடி. கடைசி இரு படிகளும் சேர்ந்து தாளில் 42,000 கோடி தருகின்றன. ஒவ்வொரு படியிலும் ஒரு மிடறு குடித்தேன். ஸ்டார்ட்டர், அதாவது ஈஸ்ட்டை வளர்க்க மட்டும் செய்யும் இந்தச் சிறு பீர், சுவையாக இருக்காது. ஆனால் புளிப்பும் கிராம்பும் இருந்தால் நாக்குக்குத் தெரிந்துவிடும்.

2024 மே 26

10 டிகிரியில் நொதித்து, இறுதியில் சில நாள் 17-க்கு ஏற்றி, பின் குளிர வைத்தேன். 1.048-இல் தொடங்கி 1.011-இல் நின்றது. அதே வகையின் புதிய பையில் செய்த பீர் 1.010.

நண்பர் ஒருவர் மூன்று கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தார். இரண்டில் ஒன்று, ஒன்றில் மற்றது. மாறியிருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு முறை முயன்று இரண்டு முறை சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டினாலும் ஆறில் இரண்டு கிடைக்கும். ஏழாம் முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கலங்கலை வைத்துக் கண்டுபிடித்தேன்; அது செல்லாது என்று நண்பர் சொல்லிவிட்டார்.

இத்தனை உழைப்பும் தகுமா என்று கேட்டவருக்கு: எப்போதும் கிடைக்கும் வகையென்றால் தகாது, புதிய பை வாங்குங்கள். பருவத்துக்கு ஒரு முறை மட்டும் வெளிவரும் வகையென்றால், அல்லது தட்டு கீறுவதில் உங்களுக்கும் என்னைப் போல் ஒரு கிறுக்கு இருந்தால், தகும்.

2024 ஆகஸ்ட் 25

மே மாத பீரின் வண்டலில் ஒரு ஜாடியைக் குளிரில் வைத்து, மாதம் ஒரு முறை எண்ணி வருகிறேன். மாதம் ஐந்தில் ஒரு பங்கு சாகும் என்று இந்த இழையின் முதல் நாள் நான் கொண்ட கணக்குப்படி 80, 64, 51 என்று இறங்கியிருக்க வேண்டும். நான் எண்ணியவை 96, 91, 84. நீல நிறமி கூட்டிக் காட்டுகிறது என்று தள்ளுபடி செய்தாலும் இடைவெளி பெரிது. ஒரு ஜாடி, ஒரு வகை, ஒரு குளிர்சாதனப் பெட்டி என்பதால் வேறு எவருக்கும் இந்த எண்கள் பொருந்த வேண்டியதில்லை. ஆனால் 440 கோடி என்று பிப்ரவரியில் நான் அடித்துச் சொன்னதை இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். நான்காம் எண்ணிக்கை சற்றுத் தாமதமாகும். நிறமி தீர்ந்துவிட்டது.